ஒரு நோடு செத்தது, ஒன்பது காணாமல் போனது: தோப்பில் உள்ள சென்சார் வலையை மறுபடி இணைக்க என்ன வழி?

தோப்புக்காரன் · ஞாயிறு, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் அப்பாவின் 12 ஏக்கர் தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க 24 நோடு (சென்சாரும் ரேடியோவும் உள்ள சின்னப் பெட்டி) போட்டு 14 மாதம் ஆகிறது. சிசி2650 ரேடியோ சிப் போர்டு, அதில் கான்டிக்கி-என்ஜி இயங்குதளம், எப்போது பேசுவது என்று நேரம் பிரிக்க டிஎஸ்சிஎச், அதன் மேலே யார் வழியாகப் பேசுவது என்று பாதை பிடிக்க ஆர்பிஎல். எல்லாத் தகவலும் வந்து சேரும் கேட்வே மோட்டார் ரூமில் ஒரு ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி). ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு ஏஏ செல், சோலார் கிடையாது, தென்னை நிழலில் சோலார் வைத்து என்ன செய்ய.

விஷயம் இதுதான். கிணற்று மேட்டில் இருந்த 11-ஆம் நோடு செத்துப் போனது. அன்று சாயங்காலமே அதற்குப் பின்னால் இருந்த 9 நோடும் ஒட்டுமொத்தமாக மௌனம். நான் வேலை பார்ப்பது கோவையில், நடுவில் மச்சான் கல்யாணம் வேறு, 11 நாள் கழித்துத்தான் போக முடிந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்பு குடித்தனம், போர்டு பச்சை பூத்துக் கிடக்கிறது. புது போர்டு போட்டு, அதே எண் கொடுத்து, அதே கம்பத்தில் மாட்டினேன். பத்து நிமிடத்தில் 4 நோடு திரும்பி வந்தது. மீதி 5 வரவில்லை. இருட்டும் வரை காத்திருந்தேன், வரவேயில்லை.

ஆர்பிஎல் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. அப்படியானால் இந்த ஐந்து மட்டும் ஏன் வரவில்லை? எந்த அளவை மாற்ற வேண்டும்? நோடு தன் பாதையை அறிவிக்கும் டிஐஓ செய்தியின் இடைவெளியைக் குறைத்தால் சரியாகுமா?

லோரா_லோகு · ஞாயிறு, இரவு 9:50

12 ஏக்கருக்கு எதற்கு நோடுக்கு நோடு கைமாற்றும் மெஷ். தொலைதூர ரேடியோவான லோரா போடு, எல்லா நோடும் நேராக கேட்வேக்குப் பேசும், நடுவில் எவன் செத்தால் என்ன.

எர்த்_வயர் · ஞாயிறு, இரவு 10:15

முதலில் எறும்பைக் கவனி தம்பி. கேபிள் நுழையும் கிளாண்டை மேல் பக்கம் வைத்திருப்பாய், அதுதான் வாசல். கிளாண்டு கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், கேபிளை ஒரு தொங்கல் விட்டு ஏற்று, சுற்றி சிலிக்கான் அடி. புரோட்டோகால் எல்லாம் அப்புறம். நான் பம்ப்செட் பேனல் போடுகிற ஆள், வருஷத்துக்குப் பத்து பேனலாவது எறும்பால்தான் போகிறது, கான்டாக்டருக்கு நடுவே நசுங்கி.

பழைய_மோட் · ஞாயிறு, இரவு 11:03

தம்பி, டிஐஓ பக்கம் இப்போதைக்குப் போகாதே. இரண்டு கேள்வி.

ஒன்று, வராத ஐந்தின் செல் வோல்டேஜ் என்ன? மல்டிமீட்டர் வைத்து அளந்த எண் வேண்டும், "போன வருஷம்தான் போட்டேன்" என்கிற பதில் வேண்டாம். இரண்டு, திரும்பி வந்த நாலுக்கும் வராத ஐந்துக்கும் என்ன வித்தியாசம்? இடமா, போர்டா, செல்லா?

"தன்னைத் தானே சரி செய்துகொள்ளும்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்பிஎல்லில் ஒவ்வொரு நோடும் தனக்குக் கேட்கிற அக்கம்பக்கத்தாரில் ஒருவரைப் பேரன்டாக (தன் தகவலைக் கேட்வே பக்கம் கடத்துகிறவராக) வைத்துக்கொள்கிறது. அந்தப் பேரன்ட் போனால் பட்டியலில் அடுத்தவரைப் பிடிக்கிறது. உள்ளூர் ரிப்பேர் என்பது அவ்வளவுதான். பட்டியலில் அடுத்தவரே இல்லை என்றால்? தன் ரேங்கை, அதாவது கேட்வேயிலிருந்து தனக்குள்ள தூரக் கணக்கை, முடிவிலி என்று அறிவித்து பிள்ளைகளைக் கழற்றிவிட்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2012-இல் வந்த ஆர்பிஎல்லின் தர ஆவணம் ஆர்எஃப்சி 6550 இதற்கு மேல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. வேர் நோடு (உனக்குக் கேட்வே) பதிப்பு எண்ணை ஏற்றி மொத்தப் பேரன்ட்-பிள்ளை மரத்தையும் புதிதாகக் கட்டச் சொல்லலாம், ஆனால் அந்தச் செய்தியும் காற்றில்தானே போக வேண்டும். காது கேட்காத இடத்தில் நிற்பவனுக்கு உலகளாவிய ரிப்பேரும் ஒன்றுதான், உள்ளூர் ரிப்பேரும் ஒன்றுதான்.

தோப்புக்காரன் · திங்கள், இரவு 8:20

அண்ணா, அப்பாவிடம் மீட்டரைக் கொடுத்து போனில் சொல்லச் சொல்லி அளந்தேன். (சிவப்பு எது, கறுப்பு எது என்பதில் அரைமணி நேரம்.) வராத ஐந்தும் இரண்டு செல் சேர்த்து 1.5-லிருந்து 1.7 வோல்ட். திரும்பி வந்த நாலும் 2.4-க்கு மேல்.

வித்தியாசமும் கிடைத்துவிட்டது. அந்த நாலும் ஆகஸ்டில் தேங்காய் வெட்டு நடந்தபோது மட்டை விழுந்து பெட்டி உடைந்தவை. பெட்டியோடு செல்லையும் அப்போது மாற்றினேன். மீதி ஐந்தில் இருப்பது 14 மாதத்துச் செல்.

ஆனால் ஒன்று புரியவில்லை. 11 சாகிற அன்று வரை அந்த ஐந்தும் 2.3 வோல்ட் என்று தானே அனுப்பிக்கொண்டிருந்தன, பதிவு இருக்கிறது. 11 நாளில் எப்படித் தீர்ந்தது?

பழைய_மோட் · திங்கள், இரவு 9:05

தேடித் தேடியே செத்திருக்கின்றன.

டிஎஸ்சிஎச்சில் ஒவ்வொரு நோடும் நேரக் கணக்கு வைத்துக்கொண்டு தன் முறை வரும்போது மட்டும் ரேடியோவை எழுப்புகிறது. மற்ற நேரம் தூக்கம். அதனால்தான் இரண்டு ஏஏ செல்லில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த நேரக் கணக்கு பேரன்டிடமிருந்து வருகிறது. பேரன்ட் போய், வேறு ஆளும் இல்லாமல் போனால், கொஞ்ச நேரத்தில் கடிகாரம் நழுவி, ஒத்திசைவு போய்விடும். அப்புறம் என்ன செய்யும்? ஸ்கேன். ஒரு சேனலில் ரேடியோவைத் திறந்து வைத்து பீக்கன் (ஒத்திசைவில் உள்ள நோடு அனுப்பும் அறிவிப்பு) வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும். தூக்கமே கிடையாது, கேட்டுக்கொண்டே இருக்கும்.

உன் சிப்பில் ரிசீவர் சுமார் 6 மில்லிஆம்பியர் குடிக்கும். ஏஏ அல்கலைன் செல்லை 2500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) என்று வைத்துக்கொள். சாதாரண நாளில் உன் நோடு சராசரியாக 0.2 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால் 14 மாதத்தில் 2000 போயிருக்கும், மிச்சம் 500. ஆறால் வகுத்தால் 83 மணி நேரம். அதாவது 11 செத்த நாலாம் நாளே அந்த ஐந்தும் காலி. ஆகஸ்டில் செல் மாற்றிய நாலில் 2200 இருந்திருக்கும், 11 நாளில் 1600 போயிற்று, மிச்சம் 600. நீ இன்னும் நாலு நாள் கல்யாண வீட்டில் இருந்திருந்தால் அவையும் வந்திருக்காது.

எல்லாம் குத்துமதிப்புக் கணக்குதான், ஆனால் உன் மீட்டரும் அதையேதான் சொல்கிறது. ஆக உன் தோப்பில் உண்மையில் கெட்டுப் போனது ஒரு போர்டு. மீதி ஐந்தைக் கொன்றது நாம் எழுதின மென்பொருள்.

எர்த்_வயர் · திங்கள், இரவு 9:12

காணாமல் போன ஆளைத் தேடப் போனவனும் காணாமல் போன கதை.

தோப்புக்காரன் · திங்கள், இரவு 9:30

ஐயோ. அந்த நாலுக்கும் இப்போதே செல் மாற்றச் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஸ்கேன் செய்வதை எப்படிக் கட்டுப்படுத்துவது? ஒரு நிமிடம் கேட்டுவிட்டு பத்து நிமிடம் தூங்கு என்று எழுதினால் போதுமா?

பழைய_மோட் · திங்கள், இரவு 9:41

அப்படித்தான் எழுத வேண்டும். ஒரு நிமிடம் போதும்.

வரைபட_வள்ளி · திங்கள், இரவு 11:55

போதாது அண்ணா, மன்னிக்கவும். இது என் ஆய்வுப் பகுதி என்பதால் குறுக்கே வருகிறேன்.

ஸ்கேன் செய்யும் நோடு ஒரு நேரத்தில் ஒரே சேனலில்தான் கேட்கிறது. பீக்கன் அனுப்பும் நோடோ சேனல் தாவிக்கொண்டே இருக்கிறது. பீக்கன் 16 நொடிக்கு ஒன்று என்று வையுங்கள், தாவுவது 16 சேனலில் என்றால் ஒவ்வொரு பீக்கனும் நம் சேனலில் விழ பதினாறில் ஒரு வாய்ப்பு. ஒரு நிமிடத்தில் நாலு பீக்கன். ஒன்றாவது காதில் விழும் வாய்ப்பு 23 சதவீதம்தான். அதாவது நாலு தடவை விழித்தால் மூன்று தடவை "யாரும் இல்லை" என்று மறுபடி தூங்கப் போய்விடும், பக்கத்திலேயே உயிருள்ள நோடு இருந்தாலும்.

தாவும் பட்டியலை 4 சேனலாகக் குறைத்தால் அதே ஒரு நிமிடத்துக்கு 68 சதவீதம். இரண்டு நிமிடம் கேட்டால் 90. தோப்பில் வைஃபை தொல்லை இருக்காது, 4 சேனல் தாராளம். ஆகவே 2 நிமிடம் கேட்டல், 8 நிமிடம் தூக்கம், இப்படி ஒரு மணி நேரம். அதற்கும் கிடைக்காவிட்டால் அரைமணிக்கு ஒரு முறை 2 நிமிடம். அந்த நிலையில் சராசரி 0.4 மில்லிஆம்பியர், புது செல்லில் எட்டு மாதம் தாங்கும். நீங்கள் எத்தனை கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் போய்வரலாம்.

பழைய_மோட் · செவ்வாய், காலை 6:10

வள்ளி சொன்னது சரி. சேனல் தாவுவதை மறந்தே போனேன். நான் பழகின காலத்தில் ஒரே சேனல்தான், டெலாஸ் என்ற பழைய சென்சார் போர்டில் 10 கிலோபைட் ராம் வைத்துக்கொண்டு அழுதோம்.

வரைபட_வள்ளி · செவ்வாய், காலை 10:20

:) இன்னொன்று கேட்க வேண்டும் தோப்புக்காரன். 11 போனால் ஒன்பதும் போகும் என்பது அது சாகிற வரை உங்களுக்குத் தெரியாதா?

வரைபடக் கோட்பாட்டில் இதற்கு வெட்டு முனை என்று பெயர். அந்த ஒரு புள்ளியை எடுத்தால் வலை இரண்டு துண்டாகும். 24 நோடுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அல்காரிதம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு நோடாக நீக்கிவிட்டு, கேட்வேயிலிருந்து மீதி எல்லாவற்றையும் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டியதுதான், மடிக்கணினியில் கண் இமைக்கிற நேரம்.

ஆனால் எல்லோரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. கேட்வேயில் தெரிகிற மரத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். மரத்தில் பிள்ளை உள்ள எல்லா நோடும் வெட்டு முனைதான், மரம் என்றாலே அப்படித்தான். நமக்குத் தேவை, யாருக்கு யார் காதில் விழுகிறார்கள் என்கிற முழுப் படம். ஒவ்வொரு நோடும் தன் அண்டைப் பட்டியலை நாளுக்கு ஒரு முறை அனுப்பட்டும், எண்ணும் தரமும் மட்டும் போதும். அதில் இருபக்கமும் பத்துக்கு ஒன்பதாவது போய்ச் சேருகிற இணைப்பை மட்டும் கோடு என்று எடுங்கள். மீதியைக் கணக்கில் சேர்த்தால் வெயில் நாளில் படம் அழகாக இருக்கும், மழை நாளில் கிழிந்துவிடும்.

லோரா_லோகு · செவ்வாய், காலை 10:44

இத்தனை கணக்குக்கு ஒரு லோரா கேட்வே வாங்கியிருக்கலாம்.

பழைய_மோட் · செவ்வாய், காலை 11:15

லோகு சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 865 மெகாஹெர்ட்ஸ் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், இலைக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸை விட நன்றாகப் போகும். 15 நிமிடத்துக்கு ஒரு ஈர அளவு அனுப்ப அது போதும். இன்று புதிதாகத் தொடங்குகிறவன் கேட்டால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் 24 போர்டு வாங்கி, நட்டு, 14 மாதம் ஓட்டியவனிடம் போய் எல்லாவற்றையும் பிடுங்கு என்பது யோசனையா? தவிர, நட்சத்திர அமைப்பில் வெட்டு முனை இல்லாமல் போகவில்லை, ஒரே இடத்துக்குக் குடிபோய்விட்டது. கேட்வே போனால் 24-ம் போச்சு.

2005 ஆகஸ்டில் ஈக்குவடார் நாட்டின் ரெவென்டடோர் எரிமலையில் 16 நோடு வைத்து 19 நாள் ஓட்டினார்கள், ஹார்வர்டு ஆட்கள். எரிமலைச் சரிவு, சாம்பல், மழை, எல்லாம் உண்டு. அங்கே தொல்லை கொடுத்ததில் பெரிய பங்கு நோடு இல்லை. தொலைவிலிருந்தே மென்பொருள் ஏற்றும் வசதியில் வந்த கோளாறால் மொத்த வலையும் மூன்று நாள் படுத்தது, கடைசியில் நோடு நோடாக மலையேறிப் போய் கையால் ஏற்றினார்கள். அது போக, அடிவாரத்தில் இருந்த தளத்துக்கு மின்சாரம் நின்று நின்று வந்தது. அந்த 16 பெட்டிகள் பாவம், தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

எர்த்_வயர் · செவ்வாய், மதியம் 12:02

மோட்டார் ரூமில் ராஸ்பெர்ரி பைக்கு யுபிஎஸ் இருக்கிறதா? இல்லையென்றால் உன் தளமும் எரிமலைதான்.

தோப்புக்காரன் · செவ்வாய், மதியம் 1:30

இருக்கிறது, சின்னது, இரண்டு மணி நேரம் தாங்கும்.

வள்ளி அக்கா, அண்டைப் பட்டியல் அனுப்பும் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை தோப்புக்குப் போய் எல்லா நோடிலும் ஏற்றிவிட்டு வருகிறேன். நடந்துதான், எரிமலைக் கதை கேட்ட பிறகு காற்று வழியே ஏற்ற மனசு வரவில்லை.

அதுவரை ஒரு சந்தேகம். இணையத்தில் தேடினால் இந்தத் தலைப்பில் வருகிற கட்டுரைகளில் பாதி, நோடு செத்தால் பக்கத்து நோடு நகர்ந்து போய் அந்த இடத்தில் நிற்கும் என்கிறது. என் நோடு எப்படி நகரும்?

எர்த்_வயர் · செவ்வாய், மதியம் 1:34

தேங்காய் வெட்ட வருகிறவரிடம் சொல்லி வை, நகர்த்தி வைப்பார்.

வரைபட_வள்ளி · செவ்வாய், இரவு 10:30

என் ஆய்வே அதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தக் கட்டுரைகள் சக்கரமோ இறக்கையோ உள்ள நோடுகளுக்காக எழுதியவை. பேரிடர் இடத்தில் ஓடும் ரோபோ, ட்ரோன் கூட்டம் போன்றவை. அப்பாசி, யூனிஸ், அக்காயா மூவரும் 2009-இல் எழுதிய டாரா என்கிற வழிமுறை இதில் பேர் போனது. வெட்டு முனை செத்தால், அதன் அண்டையில் குறைந்த உறவு உள்ள ஒருவர் அங்கே போய் நிற்பார். அவர் கிளம்பியதால் அவர் பின்னால் யாராவது அறுந்தால், அவர்களும் பின்தொடர்ந்து நகர்வார்கள். வீட்டில் ஒருவர் பந்தியில் எழுந்தால் வரிசையாக எல்லோரும் ஒரு இலை தள்ளி உட்காருவது மாதிரி. குறைந்த உறவுள்ளவரை ஏன் எடுப்பது என்றால், அவர் போனால் குலையும் வீடும் குறைவு.

ரிம் என்று இன்னொன்று, இன்னும் எளிமை. செத்த நோடின் அண்டையார் எல்லோரும் அது இருந்த இடத்தை நோக்கி, ரேடியோ எட்டும் தூரத்தில் பாதி வரும்வரை நகர்வார்கள். ஒரே புள்ளியிலிருந்து பாதித் தூரத்துக்குள் எல்லோரும் இருந்தால், எந்த இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் முழு எட்டலைத் தாண்டாது. ஆகவே இணைப்பு கிடைத்துவிடும்.

இதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நகர முடியாத நோடு என்றால் ஆரம்பத்திலேயே அப்படி நட்டுவிடுங்கள். 11-க்கு அக்கம்பக்கத்தில் கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாவது எட்டலில் பாதித் தூரத்துக்குள் இருந்தால், 11 போனாலும் அவை இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளும்.

துண்டான வலையைக் குறைந்த ரிலே (இடையில் கடத்திவிடும் நோடு) வைத்து ஒட்டுவது எப்படி என்று கேட்டால், அது ஸ்டைனர் மரக் கணக்கு. மிகச் சரியான விடை காண்பது கடினம் என்று லின், ஷுவே இருவரும் 1999-இலேயே நிறுவிவிட்டார்கள், என்பி-ஹார்டு. உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், 12 ஏக்கரில் கண்ணால் பார்த்தே வைத்துவிடலாம். எனக்குத்தான் அதில் பட்டம் வாங்க வேண்டும்.

பழைய_மோட் · புதன், காலை 5:50

படமாகத் தாளில் வட்டம் போட்டு "எட்டும் தூரம்" என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். வெளியில் வட்டம் கிடையாது. மரம், ஈரம், ஆன்டெனா உயரம் எல்லாம் சேர்ந்து அமீபா மாதிரி ஒரு உருவம், அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும்.

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஆட்கள் உருளைக்கிழங்கு வயலில் நூறு நோடு அளவுக்கு நட்டார்கள், 2005 வாக்கில். இலைக்கருகல் நோய்க்கு ஈரப்பதம் பார்க்கத்தான். கடைசியில் கிடைத்தது எதிர்பார்த்த தரவில் 2 சதவீதம். நேர்மையாக அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள், அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு. அதில் ஒரு வேடிக்கை, காற்றில் ஈரம் ஏறும்போது சிக்னல் குறையும் என்றுதான் நாம் நினைப்போம், அங்கே இரவிலும் மழையிலும் கூடியது.

தோப்புக்காரா, நீ நட்டபோது தென்னைக்கு நடுவில் என்ன இருந்தது? இப்போது என்ன இருக்கிறது?

தோப்புக்காரன் · புதன், காலை 8:15

கோகோ! நான் நோடு நட்டபோது கோகோ கன்று இடுப்பளவு. இப்போது என் தலைக்கு மேல். ஆன்டெனா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சரியாக இலைக்குள்.

பழைய_மோட் · புதன், காலை 8:40

அவ்வளவுதான். நீ நட்ட அன்று இருந்த வலை வேறு, இன்று இருக்கும் வலை வேறு. ஒரு வருஷமாக ஒவ்வொரு கோடாக அறுந்துகொண்டே வந்திருக்கிறது, ஆர்பிஎல் சத்தமில்லாமல் வேறு பேரன்ட் மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் எல்லோரும் கிணற்று மேட்டு ஆளின் தோளில். கிணற்றைச் சுற்றிக் கோகோ நடவில்லை, இல்லையா?

தோப்புக்காரன் · புதன், காலை 8:52

நடவில்லை. எப்படித் தெரியும் உங்களுக்கு?

பழைய_மோட் · புதன், காலை 9:00

அதனால்தான் 11 அத்தனை பேருக்கும் கேட்டது.

80 மீட்டர் இணைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நடுவழியில் ஒன்றரை மீட்டர் ஆரத்துக்குத் திறந்த வெளி வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். நேராக ஆன்டெனா தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு தடித்த வாழைத்தண்டு அளவு காலி இடம் என்று நினைத்துக்கொள். (தண்டு கொஞ்சம் பெரிசுதான்.) ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்தால் கீழே மண் தொடுகிறது, மேலே கோகோ.

உன் மரங்களுக்கு வயசு என்ன? முப்பதுக்கு மேல் என்றால் கொண்டை பத்து மீட்டருக்கு மேல்தான் இருக்கும். கோகோவைக் கவாத்து செய்து மூன்று மீட்டருக்குள் நிறுத்துவார்கள். அப்படியென்றால் நாலரை ஐந்து மீட்டரில், கோகோவுக்கு மேலே, கொண்டைக்குக் கீழே, வெறும் தண்டுகள் மட்டும் நிற்கிற ஒரு மாடி இருக்கிறது. 25 அடிக்கு ஒரு மரம், நடுவில் நல்ல சந்து. ஆன்டெனா அங்கே போக வேண்டும்.

எர்த்_வயர் · புதன், காலை 9:20

முக்கால் இஞ்ச் ஜிஐ பைப், கீழே கான்கிரீட். மரத்தில் ஆணி அடிக்காதே, ஆணி போட்ட இடத்தில் சிவப்புக் கூன்வண்டு குடிவந்தால் அப்பா உன்னை வீட்டை விட்டே அனுப்பிவிடுவார். ஆன்டெனா கேபிள் நீளமானால் சிக்னல் அங்கேயே போகும், பெட்டியையே மேலே தூக்கி, சென்சார் வயரைக் கீழே இறக்கு.

வரைபட_வள்ளி · புதன், காலை 10:05

எல்லாவற்றையும் தூக்க வேண்டியதில்லை. பட்டியல் வரட்டும், வெட்டு முனையைச் சுற்றி மட்டும் தூக்கினால் போதும்.

அப்புறம் ஒன்று கேட்க மறந்தேன். கேட்வேயில் எத்தனை நோடுக்குப் பாதை வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

தோப்புக்காரன் · புதன், காலை 10:31

பார்த்தேன். 16. இருப்பது 24. நோடிலிருந்து மேலே வருவதற்கு இது தேவையில்லை என்பதால் 14 மாதமாகத் தெரியவே இல்லை. சில நோடுக்கு மட்டும் நான் அனுப்புகிற கட்டளை போகவே மாட்டேன் என்கிறதே என்று குழம்பியதெல்லாம் இதனால்தான் போல. 40 ஆக்கிவிட்டேன்.

தோப்புக்காரன் · ஞாயிறு, இரவு 10:10

போய்விட்டு வந்தேன். கால் இரண்டும் கழன்றுவிட்டது.

எல்லாவற்றுக்கும் புது செல், புது மென்பொருள் (4 சேனல், வள்ளி அக்கா சொன்ன 2/8 ஸ்கேன்). அண்டைப் பட்டியல் ஓர் இரவு ஓடியது. கணக்குப் போட்டதில் வெட்டு முனை மூன்று. 11 தெரிந்ததுதான். 6-ஆம் நோடும் அப்படித்தான், அதற்குப் பின்னால் இரண்டு. மூன்றாவது 19-க்கு முன்னால் நிற்கும் 15. போன வருஷப் பதிவைத் தோண்டினால் அப்போது 8-க்கும் 14-க்கும் நேர் இணைப்பு நன்றாக இருந்திருக்கிறது, கிணற்றைத் தொடாமலே. இப்போது அந்தக் கோடே இல்லை, நடுவில் நாலு வரிசை கோகோ.

ஆகவே 8, 14 இரண்டையும் பைப் நட்டு நாலரை மீட்டருக்கு ஏற்றினேன். ஏற்றின உடனே 100 பேக்கெட்டில் 97 போகிறது. 6-க்குப் பக்கத்தில் மின்கம்பத்தை ஒட்டி கையிலிருந்த ஒரு உதிரி போர்டை ரிலேயாக வைத்தேன். 15-க்கு ஒன்றும் செய்யவில்லை, பைப் தீர்ந்துவிட்டது.

அப்புறம் சாயங்காலம் வேண்டுமென்றே 11-இன் செல்லை உருவினேன். சோதனைக்காக எல்லா நோடையும் நிமிடத்துக்கு ஒரு பேக்கெட் அனுப்ப வைத்திருந்தேன். ஆறு நோடு அசரவே இல்லை, பேரன்டை மாற்றிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடத்தில் பேசத் தொடங்கிவிட்டன. 15-ம் 17-ம் ஒத்திசைவு இழந்து, 12 நிமிடத்தில் வந்தன. 19 மட்டும் 22 நிமிடம். வருமா வராதா என்று வரப்பில் உட்கார்ந்து கொசுக்கடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

19 ஏன் அவ்வளவு நேரம்? வள்ளி அக்கா கணக்குப்படி முதல் இரண்டு நிமிடத்திலேயே 90 சதவீதம் கிடைத்திருக்க வேண்டாமா?

வரைபட_வள்ளி · ஞாயிறு, இரவு 10:48

அந்த 90 சதவீதம், பீக்கன் அனுப்ப ஒருவர் பக்கத்தில் உயிரோடு ஒத்திசைவில் இருந்தால். 19-க்குக் கேட்கிற ஒரே ஆள் 15. 19 முதல் தடவை காது கொடுத்தபோது 15-ம் தொலைந்துபோய்த் தேடிக்கொண்டிருந்தது. தொலைந்தவர் பீக்கன் அனுப்ப முடியாது. இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். 15 தன் இரண்டாம் ஜன்னலில் 12-ஆம் நிமிடம் சேர்ந்தது, அப்போது 19 தூங்கப் போயிருக்கும். அடுத்த ஜன்னல் 20-ஆம் நிமிடம், சேர்ந்து முதல் பேக்கெட் வர 22. கணக்கு உதைக்கவில்லை.

அதாவது மீட்பு அலை அலையாகத்தான் உள்ளே போகும், ஒவ்வொரு ஹாப்புக்கும் (நோடுக்கு நோடு தாவலுக்கும்) ஒரு சுற்று கூடும். ஐந்து ஹாப் ஆழம் என்றால் ஒரு மணி நேரம் ஆகலாம்.

பழைய_மோட் · திங்கள், காலை 5:45

நோடு எண்ணை வைத்து ஜன்னலைத் தள்ளித் தள்ளி வைக்கலாம், இருவரும் ஒரே நேரம் தூங்காமல். ஆனால் மண் ஈரத்துக்கு 22 நிமிடம் என்ன அவசரம். தென்னை அதுவரை பொறுக்கும். 15-க்கு ஒரு பைப் வாங்கு, அது போதும்.

தோப்புக்காரன் · திங்கள், காலை 9:12

22 நிமிடத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். பைப் சொல்லியாயிற்று, அடுத்த தேங்காய் வெட்டுக்கு முன்னால் நட வேண்டும். எர்த்_வயர் அண்ணா, கிளாண்டு எல்லாம் கீழே திருப்பியாயிற்று. 7-ஆம் பெட்டியைத் திறந்தபோது அதிலும் எறும்பு, முட்டையோடு.

எர்த்_வயர் · திங்கள், காலை 9:20

முட்டை இருந்தால் ராணியும் உள்ளே இருக்கலாம். பெட்டியையே மாற்று.